போஸ்ட்டுக்குக் கீழ நிக்கிற ரூல்

ஆறு மணிக்குள்ள ஒட்டன்சத்திரம் போயிருமா தம்பி இந்த பஸ்? கண்டக்டர்கிட்ட கேட்டேன். "போயிரும் பெருசு, உக்காருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. பெருசாம். நான் காலேஜ்ல பி.டி. மாஸ்டரா இருந்தவன். கிரவுண்டுல விசில் ஊதியே காலத்த ஓட்டினவன். இன்னைக்கும் பந்தக் கையில குடுத்தா ஃப்ரீ த்ரோ லைன்ல நின்னு போடுவேன், பாதிக்கு மேல விழும். அது கெடக்கட்டும். ஆறு மணிக்குள்ள போகணும், அதான் விஷயம்.

இல்ல இல்ல, பைய மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள வத்தல் இருக்கு. சீனியவரைக்கா வத்தல். மேல வச்சா எவனாவது பெட்டியத் தூக்கி அது மேல போட்டு நொறுக்கிருவான். எம் மகளுக்கு அது உசுரு. என் வீட்டுக்காரி லூர்து மாடியில காயப்போட்டு, காக்காய வெரட்டி, பொட்டலம் கட்டிக் குடுத்துருக்கா. "நீங்களே அவ கையில குடுங்க, வேற யாருகிட்டயும் குடுத்துறாதீங்க"ன்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னா.

ஒரு நிமிஷம் தம்பி, போன் அடிக்குது. ஹலோ... காஜா, சொல்லுப்பா. ஏறிட்டேன், ஏறிட்டேன். சத்திரப்பட்டி வரப்போகுது. யாரு கேட்டா? ஜெசியா? அப்பா எங்க வர்றாருன்னா கேட்டா? சொல்லுப்பா, வந்துகிட்டே இருக்காருன்னு சொல்லு. நான் வராம ஆரம்பிச்சுறாதீங்க. சரி, வச்சுர்றேன்.

கேட்டீங்களா தம்பி? எம் மக கேட்டிருக்கா, அப்பா எங்க வர்றாருன்னு. எங்கிட்ட நேராப் பேசி ஏழு வருஷம் ஆச்சு. எதுன்னாலும் அவங்க அம்மா வழியாத்தான். "அப்பாட்ட சொல்லுங்கம்மா", "அப்பாவுக்கு வேணுமான்னு கேளுங்கம்மா", இப்படித்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். கல்யாணத்துல கோயில்ல கையப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கையில உசுரே இல்ல. அப்படிப்பட்டவ இன்னைக்குக் கேட்டிருக்கா.

என்ன சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, எம் மேல என்ன தப்புன்னு. நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கெடையாது. நான் எப்பவுமே அந்த மாதிரி ஆளுங்களத்தான் நம்புவேன்.

ஒட்டன்சத்திரத்துல ஈவினிங் ஸ்டார்ஸ்னு ஒரு பேஸ்கட்பால் கிளப் இருக்கு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, நீங்க மார்க்கெட் ஆளு. வருஷா வருஷம் தீபாவளி முடிஞ்சதும் பெண்கள் காலேஜ் டோர்னமென்ட் நடத்துறோம். சென்னை, கோயமுத்தூர், திருச்சின்னு பதினாறு டீம் வரும். ஊரே கேலரியில உக்காந்திருக்கும். வெங்காய மண்டிக்காரன்கூட, எந்தப் பொண்ணு இடது கையில போடும், எந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்கும்னு சொல்லுவான். தோத்தா வீட்டுக்கு, அவ்வளவுதான். ரெண்டாவது வாய்ப்பெல்லாம் கெடையாது.

அதனால சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங் போடுவோம். எந்த டீம் நல்ல டீம்னு பேசி, மொத நாலு டீமுக்கு ரேங்க் குடுப்போம். அந்த நாலையும் நாலு மூலையில வச்சிருவோம், செமிஃபைனல் வரைக்கும் ஒண்ண ஒண்ணு பாக்காது. மிச்ச பன்னெண்டு டீம் பேரையும் சீட்டுல எழுதி ஒரு சொம்புல போட்டுக் குலுக்குவோம். அதுல ஒரு டீமுக்குத் தலையெழுத்து சரியில்லன்னா மொத மேட்ச்சே நம்பர் ஒன் டீமோட. காலையில வந்து எறங்கி, சாயங்காலம் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மீட்டிங்குல நடக்குற சண்டை இருக்கே, அப்பா! தகர ரூம். பந்து, கிழிஞ்ச வலை, சுண்ணாம்புச் சட்டி எல்லாம் கெடக்கும். அதுக்கு நடுவுல அஞ்சு பேரு உக்காந்துகிட்டு, ஒருத்தன் கோயமுத்தூரும்பான், ஒருத்தன் திருச்சிம்பான். போன சீசன்ல யாரு ஜெயிச்சா, எந்தப் பொண்ணு படிப்ப முடிச்சுட்டுப் போயிருச்சு, புதுசா எந்தப் பொண்ணு வந்துருக்கு, எல்லாத்தையும் கிழி கிழின்னு கிழிப்போம். டீ ஆறிப் போயிரும். ஆளாளுக்கு அவனவன் காலேஜத் தூக்கிப் பிடிப்பான். அதப் பாத்துட்டு நான்தான் ஒரு ரூல் கொண்டுவந்தேன். எந்தக் காலேஜ் பேரு எடுக்குறோமோ, அந்தக் காலேஜுக்கு வேண்டிய ஆளு ரூமுல இருக்கக் கூடாது. எந்திரிச்சு வெளிய போய், கோர்ட்டுல போஸ்ட்டுக்குக் கீழ நிக்கணும். பேசி முடிச்சதும் கூப்பிடுவோம். நானே எங்க காலேஜ் பேரு வந்தப்பல்லாம் போய் நின்னுருக்கேன். மழையிலகூட நின்னுருக்கேன்.

என்னய்யா இது, பஸ்ஸ எங்க திருப்புறாரு? ஓ, ரோடு வேலையா. சுத்தி விட்டுட்டாங்களா. இந்தப் பக்கம் போனா ரயில்வே கேட்டு வருமே! தம்பி, அந்தக் கேட்டு மட்டும் அடைச்சிருந்தா நான் தொலைஞ்சேன். ஏன்னா இன்னைக்குத்தான் அந்த ரேங்கிங் மீட்டிங். எம் மக இப்ப கரூர்ல ஒரு காலேஜுக்கு பி.டி. இந்த வருஷம் கமிட்டியிலயும் எடுத்துருக்காங்க. அவ டீமுக்கு ரேங்க் உண்டா இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். நான் போய்ப் பேசினாத்தான் உண்டு. லூர்துக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கேன், "இந்தத் தடவை நான் அவ பக்கம்தான் பேசுவேன்"னு. அவ சிலுவைய எடுத்து எங்கையில குடுத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. சொன்னேன்.

கமிட்டியில இருக்கிற காஜா வேற, "உடம்பப் பாத்துக்கங்க சார், இந்தத் தடவை வரலைன்னாலும் பரவால்ல"ன்னான். நல்ல பய, எம்மேல அக்கறை. நான் விடுவேனா? ஆயுள் மெம்பர் நானு.

ஏழு வருஷத்துக்கு முந்தி என்ன ஆச்சுன்னா, ஜெசிந்தா அப்ப காலேஜ்ல கடைசி வருஷம். திண்டுக்கல்லுல நல்லாயன் மகளிர் கல்லூரின்னு வச்சுக்கங்களேன். டீம் கேப்டன் அவதான். பந்தக் கொண்டுபோற இடம் அவளுது. நான் சொல்லிக் குடுத்ததுதான் எல்லாம். எம் பொண்ணுங்கிறதுக்காகச் சொல்லல தம்பி, அவ மாதிரி பந்தத் தரையில தட்டிக்கிட்டே எதிராளி கண்ணப் பாக்குற பொண்ண நான் அதுக்கப்புறம் பாக்கல. அந்த வருஷம் ரயில்வேலேர்ந்து ஆளு எடுக்க வர்றதா இருந்துச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டா. செலக்டருங்க செமிஃபைனல் அன்னைக்குத்தான் வருவாங்க. அவளுக்கு அதுதான் கனவு. ரயில்வே டீம் பனியனப் போட்டு ஆடணும். ராத்திரி சாப்பிட உக்காந்தா அதே பேச்சுதான். "செமிஃபைனல் வரைக்கும் போயிட்டாப் போதும்பா, அதுக்கப்புறம் நான் பாத்துக்குறேன்"ம்பா.

ரேங்கிங் மீட்டிங் போட்டோம். நம்பர் ஒன் சென்னை, அதுல சண்டையே இல்ல. ரெண்டாவது யாருன்னு வந்துச்சு. பத்மநாபன்னு ஒருத்தன், என்னோட சின்ன வயசுலேர்ந்து ஆடினவன், எடுத்த எடுப்புலயே சொல்லிட்டான், "நல்லாயன்தான் ரெண்டு. கோயமுத்தூரயே பிராக்டிஸ் மேட்ச்ல அடிச்சுட்டு வந்துருக்காங்க"ன்னு. காஜாவும் ஆமான்னான். மத்த ரெண்டு பேரும் தலைய ஆட்டுறாங்க.

அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? நாலு பேரும் என் மூஞ்சியப் பாத்துகிட்டே தலைய ஆட்டுறான். சவரிமுத்து மகளுக்குக் குடுத்தாங்கன்னு நாளைக்கு ஊரு பேசாதா? கேலரியில உக்காந்திருக்கிற மண்டிக்காரன் பேச மாட்டானா? எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. சொன்னேன், "அதெப்படி? நல்லாயன் போன வருஷம் ஆடவே இல்லையே"ன்னு.

ஆடலதான். போன வருஷம் அவங்க ஹாஸ்டல்ல அம்மை போட்டுருச்சு. டீமுல பாதிப் பொண்ணுங்க வேப்பிலையில படுத்துக் கெடந்துச்சுங்க. ஜெசியும் கெடந்தா. லூர்துதான் இளநியா குடுத்து எழுப்பினா. டீம் வரல, எதிர் டீமுக்கு வாக்-ஓவர் குடுத்தோம். அதத்தான் சொன்னேன். "ஆடாத டீமுக்கு எப்படிய்யா ரேங்க்?"னு கேட்டேன்.

பத்மநாபன் கோவமாயிட்டான். "யோவ் சவரி, அம்மை வந்தா எவன்யா ஆடுவான்? நீ மொதல்ல வெளிய போய் போஸ்ட்டுக்குக் கீழ நில்லு. உம் பொண்ணு டீம் பேசுறோம்ல"ன்னான்.

"நான் எதுக்கு நிக்கணும்? நான் அந்தக் காலேஜ் பி.டி. இல்ல. எழுதின ரூல்ல பி.டி.ன்னுதான் இருக்கு, அப்பான்னு இல்ல"ன்னேன்.

காஜா எந்திரிச்சு வந்து தோளத் தொட்டான். "சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க சார். போயிட்டு வாங்க, நாங்க முடிச்சுர்றோம்"னான். கடைக்குப் போறதுக்குக் காசுகூட நீட்டினான். யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் வெளிய போயிட்டா என்ன ஆகும்? குடுத்துருவாங்க. நான் இல்லாத நேரம் பாத்துக் குடுத்துட்டாங்கன்னு ஆயிரும். அது இன்னும் கேவலம் இல்லையா? நான் அசையல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். ஒவ்வொரு பொண்ணா எடுத்துப் பேசினேன். சென்டர் ஆடுறவளுக்கு ஒசரம் பத்தாது, சப்ஸ்டிட்யூட் சரியில்ல, கேப்டன் அவசரப்படுவா. ஆமா, கேப்டன்தான், எம் பொண்ணுதான். கடைசி நிமிஷத்துல அவசரப்பட்டு ஷாட் எடுப்பா, எனக்குத் தெரியாதா? வீட்டுல தனியாச் சொல்லிக் குடுத்ததெல்லாம் எடுத்து வச்சேன். கடைசில பத்மநாபன், "உம் பொண்ண நீயே இப்படிச் சொன்னா நாங்க என்னய்யா பண்றது"ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுகிட்டு எந்திரிச்சுட்டான். நல்லாயனுக்கு ரேங்க் இல்ல. சீட்டு சொம்புக்குள்ள போயிருச்சு.

சீட்டு நான் எடுக்கல. காஜாதான் எடுத்தான். அத எம்மேல போடாதீங்க. சென்னைக்கு எதிர்ல நல்லாயன்னு வந்தா நான் என்ன பண்ணுவேன்? காஜா சீட்டப் பிரிச்சுப் பாத்துட்டு, திருப்பி உள்ள போட்டுருவோமா சார்னு மெதுவாக் கேட்டான். கத்துனேன் பாருங்க அன்னைக்கு!

அய்யய்யோ. கேட்டு அடைச்சுட்டான் தம்பி! பாருங்க, நம்ம கண்ணு முன்னாடி எறக்குறான். டிரைவர் ஒரு அழுத்து அழுத்தியிருந்தா போயிருக்கலாம். கூட்ஸா? கூட்ஸ்னா ஊர்ந்து ஊர்ந்து வருவானே. அஞ்சே முக்கால் ஆயிருச்சு.

இருங்க, காஜாதான். ஹலோ... கேட்டுல மாட்டிகிட்டேன்ப்பா. ஆமா, ரயில்வே கேட்டு. கூட்ஸ் வருதாம். என்னது? பொறுமையா வாங்கன்னா? அவசரம் இல்லையா? அவசரம் இல்லாம என்னப்பா, நீங்க நான் வர்றவரைக்கும்... பின்னாடி யாரு பேசுறா? ஜெசி குரலா அது? எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்குறாளா? கால் மணி நேரம்னு சொல்லு. இருபது நிமிஷம்கூட ஆகும். நிச்சயமாவான்னா கேக்குறா? நிச்சயமாச் சொல்லு, கேட்டு இன்னும் தொறக்கலன்னு சொல்லு.

அவ குரலக் கேட்டேன் தம்பி. தெளிவாக் கேட்டேன். "அங்கிள், அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும், நல்லாக் கேளுங்க"ன்னா. ரெண்டாவது தடவை கேக்குறா! தவிக்கிறா பாருங்க. அப்பா வந்து உனக்காகப் பேசப் போறாருன்னு லூர்து சொல்லியிருப்பா. ரத்த பாசம் எங்கயும் போயிறாது.

எங்க விட்டேன்? ஆமா, மேட்ச். சென்னைக்கும் நல்லாயனுக்கும் மொத மேட்ச். நான் டைம் பாக்குற மேசையில உக்காந்திருந்தேன், டைம் முடிஞ்சா பஸ்ஸர் அழுத்துற வேல என்னுது. தம்பி, அந்த மாதிரி ஒரு மேட்ச் அந்த கோர்ட்டுல நடந்ததில்ல. மூணு குவார்ட்டர் எங்க பொண்ணுங்கதான் மேல. கேலரி எந்திரிச்சு நிக்குது. ஜெசி ஓடுறா, விழுறா, முட்டி தேஞ்சு ரத்தம், தொடச்சுட்டு ஓடுறா. கடைசி நிமிஷத்துல சென்னை ரெண்டு பாயின்ட் மேல போயிருச்சு. பந்து ஜெசி கையில. அன்னைக்கு அவ அவசரப்படவே இல்ல. நான் மீட்டிங்குல சொன்னது தப்பாப் போச்சு, அத ஒத்துக்கத்தான் வேணும். நிதானமாக் கொண்டு வந்தா. ரெண்டு பேர ஏமாத்தினா. லைனுக்கு வெளிய நின்னு போட்டா. விழுந்தா மூணு பாயின்ட். பந்து மேல போகுது, நான் கைய பஸ்ஸர்ல வச்சுருக்கேன். டைம் முடிஞ்சுது, அழுத்தினேன். பந்து வலைக்குள்ள விழுந்துச்சு.

கையிலேர்ந்து பந்து போறதுக்கு முன்னாடி பஸ்ஸரா, போன பின்னாடி பஸ்ஸரா? அதான் கேள்வி. ரெஃப்ரி ஓடி வந்து எங்கிட்டக் கேட்டாரு. மத்தவன்னா ஒரு நொடி தயங்கியிருப்பான். தெரியல சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெஃப்ரி பாயின்ட் குடுத்துட்டுப் போயிருப்பாரு. நான் தயங்கல. "பஸ்ஸருக்கு அப்புறம்தான் பந்து கைய விட்டுச்சு"ன்னேன். பாயின்ட் போச்சு, மேட்ச்சும் போச்சு. ஜெசி நடு கோர்ட்டுல நின்னு என்னையே பாத்தா. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு தம்பி. "மனுஷன்னா சவரிமுத்து மாதிரி இருக்கணும்"னு மண்டிக்காரன் மைக்கப் பிடுங்கிச் சொன்னான். ஒரு பொன்னாடை போட்டாங்க. இன்னும் பீரோவுல இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு செலக்டருங்க வந்தாங்க. சென்னை டீம்லேர்ந்து பந்து கொண்டுபோற பொண்ண எடுத்துகிட்டாங்க. நல்ல பொண்ணுதான். ஆனா ஜெசி கால் தூசிக்கு வராது. அத நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன், எனக்கு அதுல ஓரவஞ்சனை கெடையாது.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல ஷூவக் கழட்டிகிட்டே கேட்டா. "மீட்டிங்குல எங்களுக்கு ரேங்க் வேணாம்னு பேசுனது யாருப்பா?"

ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நான்தான்னேன். ஏன்னு காரணமும் சொன்னேன், ஒண்ணு விடாம. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "உங்களுக்கு நல்ல பேரு வந்துருச்சாப்பா?"ன்னா.

"வந்துருச்சும்மா"ன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? சந்தோஷப்படுவான்னு பொன்னாடையக்கூட எடுத்துக் காமிச்சேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். அது என்ன பெரிய சண்டையா, நீங்களே சொல்லுங்க. ஒரு கொரல் ஒசந்ததில்ல, ஒரு பாத்திரம் உருண்டதில்ல. அதுக்கு ஏழு வருஷம். எனக்கு மட்டும் வலிக்காதா? அவ பிள்ளை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல விடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அந்த வேதனைய நான் யாருகிட்ட சொல்ல?

வருது, வருது, கூட்ஸ் வருது. எத்தனை பொட்டி பாருங்க. முடியவே மாட்டேங்குது.

சரி, இன்னைக்கு என்ன பேசப்போறேன்னு சொல்றேன், எப்படி இருக்குன்னு பாருங்க. வீட்டுல கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்துட்டேன். "கரூர் டீம் போன வருஷம் செமிஃபைனல் வரைக்கும் வந்துருக்கு. அதனால ரேங்க் குடுத்தே ஆகணும்." இது மொத பாயின்ட். நல்லா இருக்குல்ல? ஆனா அந்தக் கால் இறுதியில எதிர் டீமோட நல்ல பொண்ணுக்கு கணுக்கால் பிசகி வெளிய போயிருச்சு, அதனாலதான் இவங்க ஜெயிச்சாங்க. அத நான் சொல்லப் போறதில்ல. நான் எதுக்குச் சொல்றேன்? அவ பக்கம்ல பேசப்போறேன். ரெண்டாவது பாயின்ட், அரவக்குறிச்சிப் பொண்ணு ஒண்ணு இருக்கு, நல்ல ஒசரம், சென்டர் ஆடுது. தமிழ்நாட்டுலயே அந்த மாதிரி சென்டர் இன்னொண்ணு இல்ல. முழங்கால்லதான் கொஞ்சம் பிரச்சன. ஓடும்போது பாத்தா தெரியும், வலது கால லேசா இழுத்து வைக்கும். மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதையும் சொல்லப் போறதில்ல. யாராவது கேட்டா? கேட்டா பொய் சொல்ல முடியாதுல்ல. கேக்காம இருந்தா சரி.

நாலாவது ரேங்க் வாங்கிக் குடுத்துருவேன் தம்பி. நாலு நியாயமானது. நாலுன்னா எவனும் வாயத் தொறக்க முடியாது.

போயிருச்சு கூட்ஸு. ஏன் இன்னும் தூக்க மாட்டேங்குறான்? என்னது, அந்தப் பக்கத்துலேர்ந்து பாசஞ்சர் வேற வருதா? கண்டக்டர்! என்னய்யா இது!

போன். காஜா... சொல்லுப்பா. இன்னும் கேட்டுதான். என்னது? முடிஞ்சுதா? எது முடிஞ்சுது? நான் இல்லாமயா? என்ன... என்ன ரேங்க்? ரெண்டா? கரூருக்கு ரெண்டா! யாரு சொன்னா? எல்லாருமா? பேசவே இல்லையா? ஜெசி எங்க இருந்தா? வெளியவா? சரி... சரி... ஜெசி எங்க? குடு, பேசுறேன். வேலையா இருக்காளா? இருப்பா, இருப்பா. நான் வந்துர்றேன்ப்பா. ஹலோ? ஹலோ?

கட்டாயிருச்சு.

ரெண்டாவது ரேங்க் குடுத்துட்டாங்க தம்பி, எம் பொண்ணு டீமுக்கு. அவ ரூல்படி எந்திரிச்சுப் போய் போஸ்ட்டுக்குக் கீழ நின்னுருக்கா. பாத்தீங்களா, எம் ரத்தம்! இவங்க உள்ள ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுட்டாங்களாம். ஒரே கொரலாம். காஜா சிரிச்சுகிட்டே சொல்றான், "இந்த வருஷம் மாதிரி நிம்மதியா ஒரு மீட்டிங் நடந்ததே இல்ல சார்"னு. பத்மநாபன் கைதட்டினானாம். ஜெசி கண்ணுல தண்ணி வந்துருச்சாம். சந்தோஷம்தான். எனக்கு சந்தோஷம் இல்லன்னு யாரு சொன்னா? கண்ணு கலங்குது பாருங்க எனக்கும். லூர்துகிட்டச் சொன்னா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துவா.

ஆனா ரெண்டு எப்படி? நாலு சரி. மூணுகூட ஏதோ பேசி ஒப்பேத்தலாம். ரெண்டு எப்படிய்யா வரும்? திருச்சி என்ன ஆச்சு? போன வருஷம் ஃபைனல் ஆடின டீம் அது. அந்த அரவக்குறிச்சிப் பொண்ணு முழங்காலப் பத்தி எவனாவது ஒரு வார்த்தை பேசினானா? கணுக்கால் பிசகின கதைய எவனாவது எடுத்தானா? கேட்டா ஒரே கொரலாம். பேசாம, சண்ட போடாம ஒரு ரேங்க்கா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும், சவரிமுத்து பொண்ணுங்கிறதுக்காகத் தூக்கிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லாதா? அவ பேருதானே கெடும்? அவ பேரக் காப்பாத்த வேண்டியது யாரு? நான்தானே?

இன்னும் ஒண்ணும் குடி முழுகிப் போகல. மினிட் புக்குல எல்லாரும் கையெழுத்துப் போடுற வரைக்கும் ஆயுள் மெம்பர் ஆட்சேபணை சொல்லலாம். அது ரூல். நான் எழுதின ரூல்தான். டீ, வடையெல்லாம் தின்னு முடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க, எனக்குத் தெரியாதா அவனுங்கள. கண்டக்டர், கதவத் தொறங்க, நான் எறங்கிக்கிறேன். அட, தெரியும்ய்யா, பாத்துத்தான் போவேன். பாசஞ்சர் போனதும் கேட்டுக்குக் கீழ குனிஞ்சு போயிட்டா அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ நிக்குது, இங்கருந்தே தெரியுது.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி. என்ன? பையா? அது சீட்டுலயே இருக்கட்டும். வத்தலத் தூக்கிகிட்டு ஓட முடியுமா, நொறுங்கிரும். நீங்க மார்க்கெட்டுக்குத்தானே போறீங்க, யார்கிட்டயாவது குடுத்து கிளப்புல சேத்துருங்க. இல்லன்னா நீங்களே வறுத்துத் தின்னுங்க, லூர்து கைப்பக்குவம் நல்லா இருக்கும். எனக்கு இப்ப நேரம் இல்ல.

எம் மக ரெண்டு தடவை கேட்டுட்டா தம்பி, அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு. வாசலயே பாத்துகிட்டு நிப்பா.